மச்சம் இல்லை என்று மட்டும் சொன்னேன்

மச்சான்,

திங்கட்கிழமை காலை வவுணதீவு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவர் ஒரு பிளாஸ்டிக் போத்தலைக் குலுக்கி மூடியைத் திறந்தார். வத்தகப்பழ வாசம் வந்தது. தண்ணீர் சொட்டும் அந்தச் சிவப்புப் பழத்தை வெட்டும்போது வருகிற வாசம் அல்ல. மருந்துக் கடையும் இனிப்புக் கடையும் கலந்தது போல, மூக்குக்குள் ஒட்டிக்கொண்டு போக மறுக்கிற வாசம். பஸ் பாலத்தில் ஏறியிருந்தது. வாவிக் காற்று இரண்டு பக்க யன்னலாலும் அடித்தும் அது கலையவில்லை. பிரதேச செயலகத்தடியில் நான் வேலைக்கு இறங்க வேண்டும். இறங்கவில்லை. உங்கள் ஊர்ச் சந்தி வரும்வரை அப்படியே இருந்துவிட்டேன்.

அங்கே போய் உங்கள் அம்மாவிடம், மாமியிடம், என்ன சொன்னேன் என்பதை உங்களுக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நடந்தது உங்களுக்குத் தெரியும். அதில் என் பக்கம் மட்டும் தெரியாது.

நம் இரண்டு குடும்பத்திலும் கம்பஸ் போனவள் நான் ஒருத்தி. அதனால் எழுத்து என்று எது வந்தாலும் கடைசியில் என் கைக்கு வரும். வங்கிக் கடிதம், கட்டார் விசாத் தாள், மாமாவின் மருந்துப் பெட்டி, வயலுக்கு அடிக்கிற கிருமிநாசினிப் போத்தல். கேட்பவருக்குப் பதில் சொல்வேன். கேட்டதற்கு மட்டும். அதற்கு மேல் ஒரு சொல் பேச எனக்குக் கூச்சம். "இவளுக்குப் பட்டம் குடுத்தவன் வாயப் பூட்டிட்டுத்தான் குடுத்திருக்கான்" என்று நீங்கள் எல்லோர் முன்னாலும் சொல்வீர்கள். நான் அதற்கும் பதில் சொன்னதில்லை.

முதல் டப்பாவை நீங்கள் எங்கள் வீட்டுக்கே கொண்டு வந்தீர்கள். மோட்டார் சைக்கிளின் முன்னால் வைத்து, குழந்தையைக் கொண்டுவருவது போல. கறுப்பு டப்பா, வெள்ளைத் தூள், வாசமே இல்லை. அம்மா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தா.

"மச்சாள், இந்தக் கிரியேட்டின் எடுத்தாப் பிரயோசனமா, இல்லாட்டி என்னப் பேய்க்காட்டி ஏமாத்திட்டானுகளா? ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க."

இரண்டு நாள் எடுத்து வாசித்தேன். யாரும் பார்க்காத இடத்தில் வாசிப்பதுதான் எனக்கு நன்றாக வரும். நீங்கள் திரும்பி வந்தபோது வாசித்ததைச் சொன்னேன். அது நம் உடம்பு தானே செய்துகொள்கிற ஒரு பொருள், மீனிலும் இறைச்சியிலும் இருக்கிறது. எடுத்தால் தசையில் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். பத்துத் தரம் எடை தூக்குகிறவர் பன்னிரண்டு தரம் தூக்கலாம். உடம்பில் தண்ணீர் பிடித்து நிறை ஏறும். நோய் நொடி இல்லாத ஆளுக்குப் பெரிய கெடுதி இருப்பதாகத் தெரியவில்லை. எடுக்காவிட்டாலும் நட்டமில்லை.

"அப்ப ரெண்டு தரம் கூடத் தூக்கத்தானா இவ்வளவும்?" என்றீர்கள்.

"மீனில கிடக்கு எண்டுதானே புள்ள சொல்றாள்?" என்று அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னா. "நாலு திரளி ஆக்கித் தாறன். திண்டுட்டுத் தூக்கு மனே."

நீங்கள் சிரித்து முடிந்ததும் நான் மெதுவாகக் கேட்டேன்: "மாத ஊசி ஒழுங்காப் போடுறீங்களா?" அம்மா மட்டும் இருந்ததால் கேட்க முடிந்தது. நீங்கள் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே "ஓம், போடுறன்" என்றீர்கள். அது பொய் என்று எனக்குத் தெரிந்தது.

பத்து வயதில் உங்களுக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து, பிறகு முழங்கால் இரண்டும் வீங்கியதும், பெரியாஸ்பத்திரியில் நெஞ்சின் வால்வில் அது பட்டுவிட்டது என்று சொன்னதும், மாதம் ஒரு ஊசி என்று எழுதித் தந்ததும் நம் இரண்டு வீட்டுக்கும் மட்டும் தெரியும். அந்த ஊசிக்கு நீங்கள் அழுத அழுகையை அம்மா இன்றைக்கும் சொல்வா. வளர்ந்த பிறகு வயல் வட்டை ஓரத்தில் தகரம் அடித்துப் போட்ட அந்த ஜிம்முக்கு நீங்கள் போகத் தொடங்கியதே, இனி யாரும் உங்களை நோயாளி, வருத்தக்காரன் என்று சொல்லக்கூடாது என்றுதான். கூட்டாளிமாருக்கு நீங்கள் அதைச் சொல்லவில்லை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் மறைத்துப் பழகியவள்தான்.

இரண்டாவது டப்பா அந்த வருட அம்மன் சடங்கில் வந்தது. தீ மிதிக்க நேர்ந்து காப்புக் கட்டியிருந்தீர்கள். ஒரு நேரச் சாப்பாடு. மச்சம் இல்லை, மீனும் இறைச்சியும் முட்டையும் எதுவும் இல்லை. நானும் அம்மாவும் மூன்றாம் நாள் வந்தோம். கோயிலுக்குப் பக்கத்து வேம்பின் கீழ் நீங்களும் கூட்டாளிமார் நாலு பேரும் நின்றீர்கள். சோறில்லாமல் கைத் தசை இறங்கிவிடும் என்று நீங்கள் பயந்ததைக் கேட்டு, ஜிம் நடத்தியவர் அதைக் கொண்டு வந்திருந்தார். பயிற்சிக்கு முன் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற தூள். "பட்டினி கிடக்கிற ஆளுக்கு இதுதான் சோறு" என்றார் அவர்.

நீங்கள் என்னைக் கண்டதும் கை காட்டிக் கூப்பிட்டீர்கள்.

"மச்சாள், இதில மச்சம் கிச்சம், மாட்டுக் கொழுப்பு, ஏதும் போட்டிருக்கா எண்டு பாத்துச் சொல்லுங்க. காப்போட நிக்கிறன்."

"வழி விடுங்கடா, டொக்டரம்மா வாறா" என்றார் ஒருவர்.

"டொக்டர் இல்லடா, நாளைக்கு இவன்ட வீட்டுக்காரி" என்றார் இன்னொருவர்.

பெரியவர்கள் நம் இருவரையும் சேர்த்துக் கதைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. என் காது மடல் சுட்டது. டப்பாவை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன், வாசிக்க மட்டுமல்ல. சேர்த்த பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மிருகத்திலிருந்து எடுத்தது எதுவும் இல்லை. அதற்குக் கீழே தடித்த எழுத்தில் வேறொன்று இருந்தது. இதய நோய் உள்ளவர்கள் எடுக்க வேண்டாம். வெறும் வயிற்றில் வேண்டாம். ஒரு கரண்டிக்குள் கடும் கோப்பி சில கோப்பை அளவு கஃபீன்.

வாசித்தேன் மச்சான். அவசரத்தில் கண் தவறவில்லை. முழுவதையும் வாசித்தேன். அதைச் சொன்னால் 'ஏன்' என்று அந்த நாலு பேரும் கேட்பார்கள். நீங்கள் மறைத்தது என் வாயால் வெளியே வரும். அதுவும் கலியாணக் கதை நடக்கிற நேரம். பிறகு தனியே சொல்வோம் என்று நினைத்தேன். அதோடு, நாலு ஆம்பிளைகள் நின்று பார்க்க உங்களோடு நீளமாகப் பேச எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த இரண்டில் எது பெரிய காரணம் என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன்.

"மச்சம் ஒண்டும் இல்ல" என்று மட்டும் சொன்னேன்.

"பாத்தீங்களாடா, சுத்தம்!" என்று கரைத்துக் குடித்தீர்கள். அப்போதுதான் அந்த வத்தகப்பழ வாசம் எனக்கு முதன்முதலில் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கழுத்தையும் காதையும் தேய்த்தீர்கள். "உடம்பெல்லாம் எறும்பு ஊருது மனே. உரு வாற மாதிரிக் கிடக்கு."

"அம்மன் வரல்லடா, டப்பா வந்திருக்கு" என்றார் ஜிம் நடத்தியவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு சொல்வோம் என்ற அந்தப் பிறகு வரவில்லை. பின்னேரம் உங்களைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். அடுத்த நாள் நாங்கள் திரும்பிவிட்டோம். போனில் எழுதத் தொடங்கி அழித்தேன். அதற்கு அடுத்த நாள் மத்தியானம், சோறு தின்னுமுன், வெயிலில் கொதிக்கிற அந்தத் தகரக் கொட்டிலில் நீங்கள் விழுந்தீர்கள். முச்சக்கர வண்டியில் பாலம் கடந்து கொண்டு வந்தார்கள். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

வாசிக்கத் தெரிந்தவள் என்று என்னைத்தான் டொக்டரிடம் தள்ளிவிட்டார்கள். வால்வு நெடுங்காலமாகப் பழுதாகி வந்திருக்கிறது, ஊசியை விட்டிருக்கிறார் என்றார். நான் தூளைப் பற்றிக் கேட்டேன். "அதுதான் காரணம் என்று என்னால் எழுத முடியாது. அந்த நெஞ்சுக்கு அது நல்லது செய்திருக்காது என்று சொல்லலாம்." வெளியே வந்து மாமாவிடமும் மாமியிடமும் நான் சொன்னது, "நெஞ்சில பழைய வருத்தமாம்" என்பது மட்டும். மறுபடியும் பாதி.

ஊர் மீதியைத் தானே நிரப்பிக்கொண்டது. காப்போடு நின்று எதையோ குடித்தவனாம். அதில் மாட்டெலும்பு அரைத்துப் போட்டிருக்காம். அம்மன் பொறுப்பாளா? உங்கள் பெயரை அப்படித்தான் மூன்று வருடம் சொன்னார்கள். மாமி கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டா. சடங்கு நாட்களில் அம்மன் ஊர்வலம் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாவாம். ஒரு சொல்லால் இதை நான் நீக்கியிருக்கலாம். மச்சம் இல்லை என்ற அந்தச் சொல் என்னிடம்தான் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால், டப்பாவை யார் வாசித்தது, வேறு என்ன எழுதியிருந்தது என்ற கேள்வி அடுத்து வரும். அதற்காகவே வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை நான் போனபோது மாமி வளவில் பாய் விரித்து நெல் காய விட்டு, காலால் கிளறிக்கொண்டிருந்தா.

"என்னகா, வேலைக்குப் போகல்லயா?"

நிழலில் போய் இருந்து, தண்ணீர் குடித்து, மெல்லத் தொடங்கலாம் என்று நினைத்திருந்தேன். அப்படி நடக்கவில்லை. வெயிலில் நின்றபடியே சொன்னேன்: "மாமி, அந்த டப்பாவ வாசிச்சது நான்."

கால் நெல்லுக்குள் நின்றுவிட்டது.

"அதில மச்சம் இல்ல மாமி. மாட்டெலும்பும் இல்ல, ஒண்டும் இல்ல. மச்சான் எனக்கிட்டக் கேட்டுட்டுத்தான் குடிச்சவர். சுத்தமாத்தான் காப்போட நிண்டவர்."

"சத்தியமா?"

"அம்மன் அறிய."

மாமி பாயின் விளிம்பில் குந்திவிட்டா. கோழி இரண்டு வந்து நெல்லைக் கொத்தின. விரட்டவில்லை. "அப்ப மூணு வருசமா நான் அவளுக்கிட்ட மன்னிப்புக் கேட்டது என்னத்துக்கு?" என்றா. என்னைக் கேட்டது போலவும் இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மாமிக்கு அதுவே போதுமாயிருந்திருக்கும். "இன்னொண்டும் எழுதிக் கிடந்தது மாமி. நெஞ்சு வருத்தம் உள்ளாக்கள் குடிக்கப்படாதாம். வெறும் வயித்தோடயும் குடிக்கப்படாதாம். அதையும் வாசிச்சன். சொல்லல்ல."

"ஏன்?"

"ஆக்கள் நிண்டாங்க. வெக்கமா இருந்தது."

மூன்று வருடம் எனக்குள் அவ்வளவு பெரிதாக இருந்த காரணம், வெளியே வந்ததும் எவ்வளவு சின்னது. மாமி சேலையில் ஒட்டிய நெல்லைத் தட்டிவிட்டா.

"சொல்லியிருந்தா அவன் கேட்டிருப்பானா?"

"தெரியா மாமி."

"கேட்டிருக்க மாட்டான். அவன்ட புடிவாதம் எனக்குத் தெரியும்." எழும்பிக் கோழியை விரட்டினா. பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "ஆனா நீ சொல்லியிருக்கோணும்" என்றா.

"ஓம் மாமி."

"வெள்ளிக்கிழமை பின்னேரம் வா. கோயிலுக்குப் போவம்."

நேற்றுப் போனோம். குழாயடியில் கால் கழுவிக்கொண்டு நின்ற பொம்பிளைகள் மாமியைக் கண்டு அப்படியே நின்றார்கள். "அம்மோ, ஆரு இது! வழி மறந்து வந்திட்டயா?" என்றா ஒருத்தி. மாமி அதற்குச் சிரிக்கவில்லை. என் முழங்கையைப் பிடித்து முன்னால் விட்டா.

"என்ட புள்ள சுத்தமாத்தான் போனவன். அத வாசிச்சவள் இவள்தான். சொல்லுகா."

ஏழெட்டு முகம். மண்டபத்தில் உங்கள் கூட்டாளிமாரும் இரண்டு பேர் நின்றார்கள்.

"ரெண்டையும் சொல்லவா மாமி?"

"ரெண்டையும் சொல்லு."

சொன்னேன். தண்ணீர் விழுகிற சத்தத்தில் ஒருத்திக்குக் கேட்கவில்லை என்று திரும்பவும் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒரு அக்கா மட்டும் குழாயை மூடிவிட்டு, "அப்ப என்ட மகனும் அதத்தானே குடிக்கான்" என்றா. அவன் எதைக் குடிக்கிறான் என்று நான் கேட்டேன். நானாகவே கேட்டேன். கறுப்பு டப்பா என்றால், வருத்தம் இல்லாத ஆளுக்குப் பெரிய பயமில்லை, பெரிய பலனும் இல்லை, தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும் என்றேன். நீங்கள் சடங்கில் குடித்த மற்றத் தூள் பலம் தருவதல்ல, களைப்பு வந்ததைத் தெரியாமல் மறைப்பது என்றேன். பிரஷர், படபடப்பு, சின்ன வயதில் மூட்டு வீங்கிய காய்ச்சல் இப்படி ஏதும் இருந்தால் கிளினிக்கில் காட்டாமல் தொடவே கூடாது என்றேன். மாத ஊசி இருந்தால் அதை விடக்கூடாது என்றேன். அதை அவ என்னிடம் கேட்கவே இல்லை, நானாகச் சொன்னேன். பூசை மணி அடித்த பிறகும் மண்டபத்தில் நின்ற உங்கள் கூட்டாளி ஒருவர் கிட்ட வந்து தலையைக் குனிந்துகொண்டு, "அவனுக்கு அந்த வருத்தம் எண்டு எங்களுக்குத் தெரியா தங்கச்சி" என்றார். மாமி உள்ளே போய்விட்டா. மூன்று வருடத்துக்குப் பிறகு, முன் வரிசையில்.

உங்கள் பெயர் இப்போது சுத்தமாகிவிட்டது மச்சான். என்னுடையது பற்றி எனக்குத் தெரியவில்லை, அதைக் கேட்கவும் இல்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டிய வரியை நேற்று எட்டுப் பேருக்குச் சொன்னேன். ஆனாலும் அது உங்களுக்குச் சொன்னதாகவில்லை. அந்த ஒரு வரி மட்டும், இறக்கி வைக்க இடமில்லாமல், என்னோடுதான் வரும்.