சுண்ணாம்புத் தண்ணீர்

புதன்கிழமை, ஆகஸ்ட் 14

காலையில் ரப்பர் பாலை உறைய வைக்க ஆசிட் கலக்கும்போது அப்பாவின் வலது கண்ணில் தெறித்துவிட்டது. வீட்டில் தங்கை ஜெனி மட்டும்தான் இருந்தாள். காரம் அமிலத்தை முறித்துவிடும் என்று பத்தாம் வகுப்புத் தேர்வுக்காக அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அப்பா வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து அந்தக் கண்ணில் ஊற்றியிருக்கிறாள்.

நாகர்கோவிலில் டாக்டர் என்னையும் அம்மாவையும் தனியே அழைத்துப் பேசினார். வெறும் தண்ணீரை விடாமல் ஊற்றியிருந்தால் போதுமாம். ஆசிட்டைவிடச் சுண்ணாம்புதான் கண்ணை அதிகம் எரித்திருக்கிறது. பார்வை திரும்புவது சந்தேகம்.

கட்டுப் போட்ட கண்ணோடு அப்பா பக்கத்துக் கட்டில்காரரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். “எனக்க மவ அரை டாக்டராக்கும்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜெனி கேட்டாள்.

“அண்ணா, நான் செய்தது செரிதானே?”

“செரிதான் மக்கா.”

வேறென்ன சொல்வது? கண்ணைப் பற்றி என் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஆஸ்பத்திரியில் தங்கிவிட்ட அம்மாவிடம் இப்போது ஜெனி அடுத்த அறையிலிருந்து போனில் விளக்கிக்கொண்டிருக்கிறாள். “பயப்படாதம்மா. ரெண்டும் சேந்தா வெறும் உப்பும் தண்ணியும்தான் மிஞ்சும்.”

எல்லாம் தெரிந்த அம்மா, மறுமுனையில் ‘உம்’ கொட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஜெனி நிறுத்தவே இல்லை.