எட்டாவது தகடு

மார்ச் 4

எட்டுத் தகடுகளையும் படகுத்துறைத் தூணில் கட்டி இறக்கிவிட்டேன். ஏழில் எங்கள் ஆய்வகத்தின் வழுக்குப் பூச்சு. விஷம் துளியும் இல்லை. படகின் அடியில் ஒட்டி வளரும் கொட்டலசுச் சிப்பி வந்து ஒட்டினாலும் பிடி கிடைக்காமல் நீரோட்டத்தில் விழுந்துவிட வேண்டும். எட்டாவது வெறும் தகடு. அதில் பாசியும் கொட்டலசும் அப்பியிருந்தால்தான் மற்ற ஏழும் சுத்தமாக இருப்பதற்கு அர்த்தம்.

அப்பா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக இதே துறையில் படகுகளின் அடியைச் சுரண்டுகிறவர். வேண்டுமென்றால் முங்கியும் தேய்ப்பார். "இது எப்படிம்மா ஜெயிக்கும்?" என்றார்.

"ஆறு மாசம் கழிச்சு தகடு சுத்தமா இருந்தா ஜெயிச்சோம்பா."

அவ்வளவுதான் சொன்னேன். எனக்குப் பசி.

மார்ச் 29

அப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை. கொட்டலசைக் கொல்லும் விஷம் கலந்த பழைய தாமிர பெயிண்டைச் சுரண்டும் தூசிதான் காரணம், விலகி இருங்கள் என்றார் டாக்டர். "அது என்னை விட்டு விலகினா நானும் விலகறேன்" என்று அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

துறை மேலாளர் வாக்குக் கொடுத்திருக்கிறார்: சோதனை தேறினால் நாற்பது படகுகளுக்கும் எங்கள் பூச்சு. தேறாவிட்டால் இன்னும் மூன்று வருடம் தாமிரம்தான். மூன்று வருடம் அந்த நெஞ்சு தாங்குமா?

மே 11

தூக்கிப் பார்த்தேன். வெறும் தகட்டில் ஒரு அங்குலத்துக்கு அப்பியிருக்கிறது, சரி. ஆனால் பூச்சுத் தகடுகள் ஏழில் மூன்றில் கொட்டலசு! இன்னும் பெருத்தால் தானாக விழும் என்கிறார் ஆய்வக மேடம். விழுமா? இனி செப்டம்பரில்தான் தூக்க வேண்டும்.

சாப்பிட உட்கார்ந்து அழுதுவிட்டேன். அப்பா தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

ஜூலை 2

காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை.

செப்டம்பர் 6

ஏழு தகடும் பளபளவென்று வந்தன. மேலாளர் கைதட்டினார். எட்டாவதையும் தூக்கினோம்.

அதுவும் பளபளத்தது.

தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "இதுதான் எல்லாத்தையும் விட சுத்தமா இருக்கு. இதுல என்ன பூசினீங்க? இதையே வாங்கிக்கறோம்" என்றார் மேலாளர்.

"ஒண்ணுமே பூசலை சார்."

கூட்டத்துக்குப் பின்னால் அப்பா. காதுவரை சிரிப்பு.

வீட்டுக்கு வந்ததும் அவரே சொன்னார். "வாரா வாரம் முங்கி நாந்தான் துடைச்சேன். கீறல் விழாம, வெறும் துணியால. அன்னிக்கு உன் முகம் தொங்கிப் போச்சு, எனக்குத் தாங்கலம்மா. அந்தக் கடைசித் தகடு இருக்கே, அதுதான் ரொம்ப அழுக்கு. அதை மரச்சில்லால சுரண்டவே முதல் தடவை அரை நாள் ஆச்சு."

உங்களை எப்படிப்பா திட்டுவேன்? அந்த இருமலோட தண்ணிக்குள்ள இறங்கியிருக்கீங்களே...

"நல்லா துடைச்சிருக்கீங்கப்பா" என்றேன்.

செப்டம்பர் 9

எட்டாவது தகட்டை விட்டுவிட்டு அறிக்கை எழுதினால் யாருக்குத் தெரியும்? பிறகு எழுதினேன்: எட்டுத் தகடுகளும் துடைக்கப்பட்டுவிட்டன, முடிவு செல்லாது. யார் துடைத்தது என்று எழுதவில்லை. பூச்சு தேறியதா தோற்றதா, எனக்கே தெரியாது. அதுதான் வயிற்றெரிச்சல்.

செப்டம்பர் 21

மூன்று வருடத்துக்குத் தாமிர பெயிண்ட். கையெழுத்தாகிவிட்டது. இன்னொரு முறை சோதித்துப் பார்க்கிறோம் என்று கெஞ்சினேன். அப்புறம் பார்க்கலாம் என்றார்கள்.

அக்டோபர் 3

காலையில் வேலைக்குக் கிளம்பிய அப்பா வாசலில் நின்றார். துறையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அந்த எட்டாவது அழுக்காவே இருக்கணுமாமே?"

"ஆமாம்பா."

"சொல்லியிருக்கலாம்ல."

மார்ச்சில் சொல்லியிருக்க வேண்டும் என்கிறாரா, செப்டம்பரிலா? அவர் முகக்கவசத்தின் கயிற்றைப் பின்னால் இழுத்துக் கட்டிவிட்டேன். குழந்தை மாதிரி தலையைக் குனிந்து காட்டினார்.

இன்று மூன்று படகுகளைக் கரையேற்றுகிறார்கள். புதுப் பெயிண்ட் அடிக்கும் முன் பழையதைச் சுரண்ட வேண்டும். தெருமுனை திரும்பும் வரை இருமல் கேட்டது.