பொட்டு வைத்த லேப்டாப்

ஆண்டிமடம்,
மார்கழி, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பிரவீணாவுக்குச் சித்தப்பா பிச்சைமுத்து ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி சுமதியும் முந்திரி மரங்களும் சுகம், அங்கே அயர்லாந்துக் குளிரில் நீ காதை நன்றாக மூடிக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இப்போது நடந்தது எல்லாமே நான் முன்கூட்டிச் சொன்னதுதான். பிளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நீ வீட்டுக்குள் வந்த அன்றைக்கே, இது ஒருநாள் செத்துப் பிழைக்கும் என்று சொன்னேன். அப்படி நான் சொன்னதாகத் தனக்கு நினைவில்லை என்கிறாள் உன் சித்தி, அவளுக்கு ஞாபக சக்தி குறைவு. இந்தக் கடிதத்தை அந்த லேப்டாப்பிலேயேதான் ஒற்றை விரலால் அடிக்கிறேன், டைப்ரைட்டிங் பாஸ் செய்தவன் தோற்றுப்போவான். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ எப்போதும் பஸ்ஸுக்கு நடந்துகொண்டே இருக்கிறாய், அப்புறம் பேசறேன் சித்தப்பா என்று வைத்துவிடுகிறாய்.

தீபாவளிக்குப் பேசும்போது ஒரு வார்த்தை சொன்னாய், ஆபீஸ் கம்ப்யூட்டரை இடத்தை விட்டு நகர்த்த முடியாது, நம் வீட்டில் நல்ல மெஷின் ஒன்று இருந்தால் அங்கிருந்தே நெட் வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் போய் வேலை பார்க்கலாம், ஒரு மாதம்கூடத் தங்கலாம் என்று. நீ போகிற போக்கில் சொன்னாய், நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கே பரணிலிருந்து உன் லேப்டாப்பை இறக்கி பட்டனை அமுக்கினால், நான் குளித்து, இட்லி தின்று, தோப்புக்குப் போய்த் திரும்பிய பிறகும் அது வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே டிக் டிக் என்று சத்தம் வேறு. ஜெயங்கொண்டத்தில் ஒரு கடைக்காரர் மூடியைத் திறந்தும் பார்க்காமல் இது தேறாது என்றுவிட்டார். எதிர்வீட்டு அமிர்தலிங்கம், அதான் ரிட்டயர் ஆன கண்டக்டர், பேசாமல் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடு, அதையாவது தின்னலாம் என்று தெருவே கேட்கச் சொன்னார். எனக்கு வந்ததே ரோஷம், லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அரியலூரில் இறங்கிப் பெரம்பலூர் பஸ் மாறினேன். வழியெல்லாம் சிமென்ட் லாரி, ஒரு லாரி எங்கள் பஸ்ஸை உரசுகிற மாதிரி வந்தது, ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்தேன், ஒதுங்கிப் போய்விட்டது. காய்ச்சலில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு இதே ரோட்டில் ஆஸ்பத்திரிக்குப் போனது ஞாபகம் வந்தது, அன்றைக்கும் இதே பொட்டலம் அளவுதான் நீ இருந்தாய்.

பெரம்பலூரில் கடை வைத்திருப்பவர் பெயர் அஸ்லாம், லப்பைக்குடிகாட்டுக்காரர், துபாயில் இதே வேலையில் இருந்துவிட்டு வந்தவர். அவர் திறந்து காட்டினார். உள்ளே பழைய டிஸ்க் ஒன்று, தட்டு சுற்றிச் சுற்றித்தான் எதையும் எடுத்துக் கொடுக்குமாம், அதுதான் தேய்ந்து டிக் டிக் என்றது. அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி என்று ஒன்று, சுற்றுவது ஆடுவது எதுவும் கிடையாது, கையில் வைத்தால் பிஸ்கட் மாதிரி கனமே இல்லை. உன் படம், பாடம் ஒன்றுவிடாமல் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றி, மெமரியும் கூட்டிப் போட்டார். அவர் ஸ்க்ரூவைத் திருப்பினார், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று நான் சொன்னேன். பட்டனை அமுக்கியதும் நான் மூக்குக்கண்ணாடியைப் போடுவதற்குள் உன் பெயரைக் காட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டது. கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள் என்றே வைத்துக்கொள்.

ஆனால் கேமராவைப் போட்டால் ஒரே இருட்டு. ஆபீஸ் மீட்டிங்கில் முகம் தெரியாமல் முடியாது என்று நீ சொல்லியிருக்கிறாய். கேமராவும் போயிருக்கும் போலண்ணே, இந்தப் பழைய மாடலுக்குக் கிடைக்கிறது கஷ்டம், திருச்சியில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார் அஸ்லாம். லேப்டாப்பை மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். இத்தனை தூரம் வந்து கடைசியில் கண்ணில்லாமலா திரும்ப வேண்டும், இதைச் சாக்காக வைத்து நீ வராமல் இருந்துவிடுவாயே என்றுதான் பஸ்ஸில் நினைப்பெல்லாம். வீட்டுக்கு வந்து மேஜைமேல் வைத்தேன். உன் சித்தி கையில் கரண்டியோடு வந்து குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் நான் சைக்கிள், அரிவாள், உன் லேப்டாப் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பேன் அல்லவா, லேப்டாப்புக்கு நெற்றி எது என்று யோசித்து, திரைக்கு மேலே நட்டநடுவில் வைப்பேன். பூஜையில் வைத்த பொட்டைக் கையால் அழிக்கக் கூடாது என்று வருஷா வருஷம் அதன் மேலேயே வைத்து வந்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "கண்ணு மேலயே பொட்ட வச்சுப்புட்டு, கண்ணு தெரியலன்னு பெரம்பலூரு வரைக்கும் போயிட்டு வந்திருக்கீங்களே." முந்தானையை நனைத்துச் சாமியிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுத் துடைத்தாள். திரையில் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம். அவள் ஓரமாக, நான் ஓரமாக, நடுவில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம்.

அஸ்லாமுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் தயங்கித் தயங்கி, தனக்கு அப்போதே சந்தேகம்தான், மெஷின் முழுக்கத் தூசி தட்டியும் சாமி பொட்டாச்சே என்று அதில் மட்டும் கை வைக்கவில்லை என்றார். நல்ல மனுஷன். அவர் இன்னொன்றும் சொன்னார், கவனமாகக் கேட்டுக்கொள். இந்தப் புது டிஸ்க்கை உரியவர் வந்து வேலைக்கு வைத்து ஓட்ட வேண்டுமாம், சும்மா வைத்திருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அதற்கு மறந்துபோகுமாம், பங்குனி வரைதான் கெடுவாம். நான் சொல்லவில்லை, தொழில் தெரிந்தவர் சொல்கிறார்.

உன் ரூமில் இருந்த முந்திரி மூட்டைகளை வெளியேற்றி மேஜை போட்டாயிற்று. கேபிள்காரர் பாவாடையே வந்து நெட் இழுத்துக் கொடுத்துவிட்டார், கரண்ட் போனாலும் ஓட இன்வெர்ட்டரோடு சேர்த்துவிட்டேன். உன் ஆபீஸ் திறக்கும்போது இங்கே மத்தியானம், சாப்பிட்டுவிட்டே உட்காரலாம். முந்திரி பூத்துக் கிடக்கிறது, பங்குனியில் பழம் விழும், நீ உப்புத் தொட்டுத் தின்பாயே. உன்னைப் பெற்றவர்கள் போன பிறகு இந்த வீட்டில் அழுதவள் நீ, சிரித்தவளும் நீ, இப்போது டிவிதான் இரண்டையும் செய்கிறது. சித்திக்குத்தான் ஏக்கம், நான் தைரியமாகத்தான் இருக்கிறேன்.

ராத்திரி ரொட்டியைக் கடித்துக்கொண்டு படுக்காதே, சோறு வடி. வெள்ளிக்கிழமை எண்ணெய் வை. அங்காளம்மன் உன் கூடவே இருப்பாள், தீர்க்காயுசாக இரு. மறக்காமல் ஆபீஸில் அனுமதிக்கு எழுதிக் கொடு.

உன் வரவை எண்ணியிருக்கும்
சித்தப்பா,
ச. பிச்சைமுத்து.

பி.கு. சித்தி படித்துப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குப் போய்ப் பொய் எழுதுவீர்களா என்கிறாள். அந்த வரியை அழிக்கப் பார்த்தேன், மொத்தக் கடிதமும் மறைந்து திரும்பி வந்தது, பயந்து விட்டுவிட்டேன். பங்குனிக் கெடு என்று அஸ்லாம் எதுவும் சொல்லவில்லை. இது எத்தனை நாளைக்கு இருக்கும் என்று நான்தான் கேட்டேன். "பயப்படாதீங்கண்ணே, யாரும் தொடாம கெடந்தாலும் பல வருஷம் அப்படியே கெடக்கும்" என்றுதான் சொன்னார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது மனசுக்கு ஒப்பவில்லை.