கோவிந்தசாமி உயிரோடு இருக்கிறார்

ஜூலை 4, 1938. திண்டிவனம்.
காலையிலேயே வெயில். பேனா முனையிலேயே மசி காய்கிறது. எடின்பரோவில் அளந்து குறித்துவந்த பழைய கல்வீட்டின் மாடிப்படியை வரைய உட்கார்ந்தேன். மூன்று படி. அதற்குள் தாள் முழங்கையில் ஒட்டிக்கொண்டது. எழுந்துவிட்டேன்.

அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி வந்து கப்பலேறியவன். கரை சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு மாதமாக இங்கேதான். கட்டடக்கலைப் படிப்பு இன்னும் ஓராண்டு பாக்கி. கல்லூரி அனுப்பும் பாரத்தில் கையெழுத்திட்டுத் திருப்பினால்தான் இடம். இடம் போனால் உபகாரச் சம்பளமும் போச்சு. பாரத்தைக் காணோம்.

அம்மா: "அந்தக் குளுருல வூடு கட்டக் கத்துக்கினு வந்து இங்க இன்னாடா கட்டப் போற?"
தெரிந்தால் சொல்ல மாட்டேனா.

ஜூலை 5.
தபால்காரரை வழிமறித்துக் கேட்டேன். நல்ல மனுஷர்.

"சீமைக் கடுதாசி போன மாசமே வந்துச்சுங்களே. ஐயா பேருக்கு. அவருதான் பூட்டாரே. வூட்ல குடுத்தா அம்மா அழுவாங்கன்னு, 'இறந்துவிட்டார்'னு இங்கிலீஷ்ல எழுதித் திருப்பிட்டேன். தப்புங்களா?"

அவர் மேல் என்ன தப்பு. சேரும்போது பாரத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கேது அது? அப்பா பெயரை எழுதிவைத்தேன். அன்று முதல் அங்கே தியாகராஜன் என்று யாரும் கிடையாது, மிஸ்டர் கோவிந்தசாமிதான். கூப்பிடும்போதெல்லாம் உள்ளூரப் பெருமை வேறு. இப்போது அவர்களைப் பொறுத்தவரை நான் செத்தாயிற்று.

முதலில் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம்தான்.

ஜூலை 6. விழுப்புரம்.
திண்டிவனத்தில் தந்திக் கம்பி கோளாறு. காலை ரயிலில் இங்கே. நல்ல கூட்டம், யாருடைய மல்லாட்டை மூட்டை மேலோ உட்கார்ந்து வந்தேன், வேட்டியெல்லாம் வேர்க்கடலைத் தூசி.

தந்தி குமாஸ்தா தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "யாரு சார் கோவிந்தசாமி?"
"நான்தான்."
"உயிரோட கீறேன்னு தந்தி அடிக்கிற ஆள இப்பத்தான் சார் பாக்கறேன்."

அடித்தது: கோவிந்தசாமி உயிரோடு இருக்கிறார். இறந்தது தகப்பனார். இடத்தை வைத்திருக்கவும்.

முதல் வரியை எழுதும்போது கை கூசியது. கொள்ளி வைக்கக் கொடுத்துவைக்காத பிள்ளை, இதையும் எழுதினேன். வீட்டில் சொல்லவில்லை.

ஜூலை 7.
மேகம் திரண்டு கலைந்தது. சவரம் செய்யவில்லை. செய்து என்ன.

ஜூலை 9. பகல் மூன்று மணி. தூறல்.
தந்தி வந்தது. தந்தி என்றாலே சாவுதான் அம்மாவுக்கு. வாசலுக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
"யாருக்குடா இன்னா ஆச்சு? படிடா ஜல்தி."

இரண்டே வரி. கோவிந்தசாமி உயிரோடு இருப்பதறிந்து மகிழ்ச்சி. இடம் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது, வருந்துகிறோம்.

பெயர் மாறிய கதையைச் சொல்ல வாய் வரவில்லை. முதல் வரியை மட்டும் தமிழில் படித்தேன்.

அம்மா பிடித்த கையை விடவில்லை.
"இன்னொரு தபா படி" என்றாள்.

படித்தேன்.