புதுத் தண்ணீரும் பழைய லேப்டாப்பும்

பாபநாசம்
ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பிறகு

அன்புள்ள சித்தீக் மச்சான் அவர்களுக்கு, உங்கள் ஒரே மச்சினன் ஜாஹித் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு அனைவரும் நலம். தோஹாவில் உங்கள் நலமும், உங்கள் அறை ஏசியின் நலமும் அறிய ஆவல்.

இதனால் கத்தார் நாட்டில் வாழும் மச்சான்மார்கள் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நமது வீட்டுச் செவலைக் கோழி தனக்கென்று வைத்த கூடையைப் புறக்கணித்து, வாஷிங் மெஷின் மேல் முட்டையிட்டுவிட்டது. மெஷின் ராசியானது என்பது அத்தாவின் கருத்து. கோழிக்குப் புத்தி பிசகிவிட்டது என்பது அம்மாவின் தீர்ப்பு. முட்டையை நான் ஆம்லெட் போட்டுவிட்டதால் விசாரணை கைவிடப்பட்டது.

வாட்ஸ்அப் இருக்கும் காலத்தில் இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். என் வாய்ஸ் நோட்டுகளை நீங்கள் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பது எனக்குத் தெரியும். அந்த வேகத்தில் என் குரல் அணில் குரலாகிவிடும். அணில் சொல்வதை யார் மதிப்பார்கள்? பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பிலேயே அனுப்பினாலும் கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பக்கத்தின் ஓரத்தைப் பாருங்கள், கயிறு பிடித்து நட்ட நடவு மாதிரி எவ்வளவு நேர்! நம் வீட்டு லேப்டாப்பில் புதிதாக நிறுவிய அச்சுக்கோக்கும் மென்பொருளிலிருந்து வெளிவரும் முதல் தமிழ்ப் பிரசுரம் இது. நிறுவியவர், தலைமைப் பொறியாளர் ஜாஹித் அவர்கள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து நீங்கள் என் கூடப்பிறந்த ராத்தாவிடம் பேசவில்லை என்பதைப் பற்றி இதில் ஒரு வார்த்தைகூட எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன் போலிருக்கிறது. சரி, விடுங்கள்.

ராத்தாவின் ஆராய்ச்சி உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆற்றில் திறக்கும் தண்ணீர் கிளை வாய்க்கால்களில் பிரிந்து பிரிந்து கடைமடைக்கு எப்போது, எவ்வளவு போய்ச் சேரும் என்ற கணக்கு. கடைமடை என்றால் உங்கள் நாகப்பட்டினம் பக்கம். ஆக, அது ஒரு வகையில் உங்களைப் பற்றிய கணக்கு. பக்கத்துக்குப் பக்கம் சமன்பாடுகள் என்பதால் அதற்கென்று ராத்தா லேட்டெக் என்ற மென்பொருள் வைத்திருக்கிறது. எழுதும்போது பெயரின் கடைசியில் ஓர் எக்ஸ் உண்டு, சொல்லும்போது கிடையாது. பத்திரிகையில் பெயர் போட்டுவிட்டுப் பந்திக்குக் கூப்பிடாத சொந்தக்காரர் மாதிரி. நாம் வேண்டியதை எழுதிக் கொடுத்தால் போதும், அதுவே எண் போட்டு, வரி மடித்து, புத்தகமாக்கித் தந்துவிடும்.

காசு கிடையாது. பிளஸ் டூவில் ராத்தாவுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸுக்கு மூச்சுத் திணறுவதால் உபுண்டு போட்டிருக்கிறோமே, அதுவும் ஓசிதான். இரண்டும் ஓப்பன் சோர்ஸ். அதாவது பூட்டில்லாத மடை. யார் வேண்டுமானாலும் திறந்து உள்ளே பார்க்கலாம், பழுதிருந்தால் அடைக்கலாம். மளிகைக் கடைக்காரரான நம் அத்தாவுக்கு இது மட்டும் பிடிபடவே இல்லை. பேக்கேஜ் என்று அவர்கள் சொல்லும் நாலாயிரத்துச் சொச்சம் பொட்டலத்தை ஒருத்தன் சும்மா கொடுக்கிறான் என்றால் எடையில் எங்கேயோ கை வைக்கிறான் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

வருகிற புதன்கிழமை திருச்சியில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். ராத்தா நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஏற்கெனவே தவணை வாங்கியாகிவிட்டது, இதைத் தவறவிட்டால் பதிவே ரத்து. பிள்ளை பிறக்க டாக்டர் சொன்ன தேதி அடுத்த மாதம். இந்த நிலையில் போன செவ்வாய்க்கிழமை காலை லேப்டாப்பைத் திறந்தால், மென்பொருளைக் காணவில்லை. இறைவன் நாட்டம். ஆய்வேடு பத்திரமாக இருந்தது, அதைப் புத்தகமாக்கும் ஆளைத்தான் காணோம். அரிசி இருக்கிறது, அடுப்பு இல்லை. ராத்தா அழவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சுவரையே பார்த்து உட்கார்ந்திருந்தது. அழுதிருக்கலாம்.

முழுசாகத் திரும்ப இறக்க வேண்டுமென்றால் நம் வீட்டுப் போன்களின் டேட்டா எல்லாம் சேர்ந்தாலும் வாசல் தெளிக்கத்தான் காணும். என் வகுப்பில் படிக்கும் நெடுமாறன் வீடு குடமுருட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம், வயலுக்கு நடுவில் இருக்கிறது. அவன் அப்பா அரசப்பன் மாமா ஃபைபர் கம்பி இழுத்து வைத்திருக்கிறார். வியாழக்கிழமை லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனேன். வீட்டுக்குப் பின்னால் புங்க மரத்தடியில், வாய்க்கால் மதகுக் கட்டையில் என் தலைமை அலுவலகம். வைஃபை அதுவரை எட்டும். அங்கே உட்கார்ந்து இந்த ஆண்டின் புதுப் பதிப்பை இறக்கி நிறுவினேன். முடிந்ததும் மென்பொருளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றது லேப்டாப். நான் அசரவில்லை. யோசித்தேன். பழைய விலாசத்திலேயே தேடிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, புது விலாசத்தை ஒரே ஒரு வரியில் எழுதிக் கொடுத்தேன். உடனே வணக்கம் போட்டு எழுந்து வந்தது. அதன்பிறகு, வெளியான நாளிலிருந்து வந்த திருத்தங்களை எல்லாம் இறக்கும்படி உத்தரவிட்டேன்.

அந்த நேரத்துக்கு ராத்தாவும் ஆட்டோவில் வந்து சேர்ந்திருந்தது. தண்ணீர் வருவதைப் பார்க்கத்தான். காற்றாட இருக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கிறார் இல்லையா.

மச்சான், அன்றைக்குத்தான் அந்த வாய்க்காலுக்கும் தண்ணீர். மேட்டூரில் திறந்தது, கல்லணை தாண்டி, குடமுருட்டியில் இறங்கி, எங்களைத் தேடி வந்துகொண்டிருந்தது. முதலில் சத்தம்கூட இல்லை. வெடித்துக் கிடந்த மண்ணிலிருந்து ஒரு வாசம் மட்டும் எழுந்தது. பிறகு வளைவில் ஒரு நுரை தெரிந்தது. அதற்கு முன்னால் சருகு, ஒற்றைச் செருப்பு, பூச்சிகள், அவற்றைக் கொத்திக்கொண்டே நடக்கிற மடையான் கொக்குகள், எல்லாம் ஊர்வலம் மாதிரி. ஓடி வரவில்லை. ஒவ்வொரு வெடிப்பாக நின்று, குடித்து, நிரப்பி, பிறகுதான் அடுத்த அடி வைத்தது. ராத்தா மதகில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டிருந்தது. தண்ணீர் வந்து பாதத்தைத் தொட்டதும் கண்ணை மூடிக்கொண்டது.

லேப்டாப் திரையிலும் அதே மாதிரிதான். பொட்டலங்களின் பெயர்கள் வரிவரியாக இறங்கிக்கொண்டே இருந்தன. எந்தெந்த நாட்டிலோ, யார் யாரோ நம் முகம் தெரியாமலே உட்கார்ந்து செய்தவை. இவற்றை நகலெடுத்து வைத்திருக்கும் இடங்களைக் கண்ணாடி என்பார்களாம். பக்கத்தில் எந்தக் கண்ணாடி இருக்கிறது என்று அதுவே தேடி எடுத்துக்கொள்ளும். வாய்க்கால் நிறைந்து நின்றபோது அதுவும் ஒரு கண்ணாடியாகிவிட்டது. அதில் புங்க மரம் தலைகீழாக இருந்தது, மேகம் இருந்தது, ராத்தா இருந்தது. பார்த்துக்கொண்டே நான் தூங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன். எழுத்துகள் எல்லாம் வாத்துக் கூட்டம் மாதிரி தண்ணீரில் மிதந்து வந்தன. கொம்பு ஒன்று வழி தவறித் தாமரைக் கொடியில் சிக்கியது. ஒரு சமன்பாடு முழுசாக, கை கோத்தபடி, மதகுக்குள் நுழைந்து கடலைப் பார்த்துப் போனது. உள்ளே இருக்கிறவர் உதைக்கிறார் என்று ராத்தா சொன்ன சத்தத்தில்தான் விழித்தேன். உள்ளே இருக்கிறவருக்கும் புதுத் தண்ணீர் தெரிந்திருக்கிறது. அப்போது ராத்தா சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பார்த்தீர்கள், ஆனால் படத்தில் பார்த்தீர்கள். பைக்கில் போன உங்கள் சாச்சா முகம்மது யூசுப், நின்று, போனை எடுத்து, படம் பிடித்துத் தோஹாவுக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார். நிறைமாதத்தை நெருங்கும் பிள்ளை, காலைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு, மடியில் கம்ப்யூட்டரோடு, வயல்காட்டில்! இந்த நேரத்தில் வெளியே அலையாதே என்று சொன்னேனே, என் பேச்சைவிடப் படிப்புதான் பெரிதா என்று நீங்கள் கேட்டதாக அம்மா சொன்னது. அதன்பிறகு ராத்தாவின் போனை நீங்கள் எடுக்கவில்லை. 

ஆய்வேடு தயார். டாக்டரும் காரில் மெதுவாகப் போய் வரலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் மாப்பிள்ளை வாயால் ஒரு வார்த்தை வராமல் வாசற்படி தாண்ட விடமாட்டேன் என்று அம்மா சாவியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உங்கள் வார்த்தைக்கு அவ்வளவு மரியாதை இந்த வீட்டில். அந்த மரியாதையால்தான் நாலு வருட உழைப்பு மேஜையில் கிடக்கிறது.

இதுவரை எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். பொறியாளர் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். கொஞ்சம் பொய்யும் எழுதியிருக்கிறார்.

மென்பொருள் தானாகக் காணாமல் போகவில்லை மச்சான். திங்கட்கிழமை நான்தான் அழித்தேன். ராத்தாவைக் கேட்காமல் புதுப்பிக்கப் போனேன். இது போன ஆண்டுப் பதிப்பு, இதிலிருந்து புதியதற்குத் தாவ முடியாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும் என்று வந்தது. புதுத் தண்ணீர் பாய்ச்சுமுன் வயலில் நாறிக் கிடக்கும் பழைய தண்ணீரை வடிப்பார்கள் இல்லையா, அதே மாதிரி பழையதை முதலில் வடித்துவிட்டேன். டேட்டா தீர்ந்துபோன பிறகுதான் மண்டையில் உறைத்தது. நெடுமாறனிடம் சொன்னதற்கு, வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்று எட்டிக்கூடப் பார்க்காமல் எந்தக் கூமுட்டையாவது வரப்பை வெட்டுவானா என்று கேட்டு, அவன் தங்கச்சி எதிரிலேயே சிரித்தான். அது தனி வலி.

அந்த ஒரு வரியும் நான் எழுதியதில்லை. அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று லேப்டாப் சொன்னதும் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். மதகில் உட்கார்ந்து ராத்தாவுக்குப் போன் போட்டு அழுதேன். ராத்தா தண்ணீர் பார்க்க வரவில்லை மச்சான், என்னைப் பார்க்கத்தான் வந்தது. மச்சான் கோபப்படுவாரே என்று ஆட்டோ ஏறும்போதே அம்மாவிடம் சொல்லியிருக்கிறது. சொல்லிவிட்டும் வந்தது. வந்து என்னைத் திட்டவில்லை, மூக்கைத் துடை என்றது, ஒரு வரி அடித்தது, முடிந்தது. நான்தான் காரணம் என்று உங்களிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். சின்னப் பையன் மேல் பழி எதற்கு, இருக்கட்டும் என்று தடுத்துவிட்டது. இந்தப் பக்கத்தின் நேரான ஓரம்கூட அதன் கைவண்ணம்தான். பள்ளிக்கூட லீவு லெட்டருக்கு என்று சொல்லி வாங்கினேன்.

ஆகவே உங்கள் கோபம் விலாசம் மாறிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதைத் திருப்பி என் பெயருக்கு அனுப்பிவிடுங்கள், நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமைக்குள் ராத்தாவுக்கு ஒரு போன் அடியுங்கள். போய்ட்டு வா என்ற ஒரு வார்த்தை போதும். என்னையும் அடிக்க வேண்டும் என்று தோன்றினால், போனில் வேண்டாம் மச்சான். அடுத்த மாதம் ஊருக்கு வந்து, நேரில், இரண்டு கையாலும் அடியுங்கள். ஓடாமல் நிற்கிறேன்.

உங்கள் துஆவை வேண்டும்,
பொறியாளர் பதவியை ராஜினாமா செய்த
ஜாஹித்