மறுபடி சூடாக்கிய பொடி

என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் கண் எப்படி இருக்கிறது? நீயே படிக்க வேண்டும் என்றுதான் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

போன வாரம் ஆய்வுக்கூடத்துக்குப் பெயர் ஒட்டாத வெள்ளைப் பொடி ஒன்று வந்தது. அமிலம் விட்டதும் நுரைத்தது. ஏதோ உலோகத்தின் கார்பனேட். சூடாக்கினால் வாயு வெளியேறும். மிஞ்சும் எடை எந்த உலோகம் என்று காட்டிக்கொடுத்துவிடும். அதிகாரி பத்து கிராமைச் சுட்டு, ஒரே ஒரு முறை எடை பார்த்தார். ஐந்து புள்ளி ஆறு கிராம். புத்தகத்தில் கால்சியத்துக்கு உள்ள கணக்கும் அதுவே. கால்சியம் என்றே எழுதிவிட்டார்.

"எடை குறையறது நிக்கிற வரைக்கும் சுடணும் சார்" என்றேன்.

"படிச்சது நானா, நீங்களா பெரியவரே?"

எல்லோர் முன்னாலும் நானே மறுபடி சுட்டேன். நாலு புள்ளி எட்டில் நின்றது. அது மக்னீசியம்.

உன் கண் ஆபரேஷனுக்காக லீவு கேட்டால், "மன்னிப்புக் கேளுங்க, லீவுக்குக் கையெழுத்துப் போடறேன்" என்கிறார். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நீ சிரிப்பாய். இந்த முறை தராசு என் பக்கம். மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

ஆபரேஷனுக்கு உன் தங்கையைக் கூட்டிக்கொண்டு போ. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல். பிறகு உன் கையாலேயே இரண்டு வரி எழுதிப் போடு. பிறர் எழுதினால் எனக்குப் போதாது.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். கண் கட்டைப் பிரிக்கும்போது என்னைத் தேடாதே.

உன் வீட்டுக்காரன்