அட்டை இல்லாத மலை

ஜூன் 18, புதன்

எங்கள் மண்ணைத் தோட்ட நிர்வாகம் கொன்றுவிட்டது.

நாள் முழுதும் மழை. ஆனாலும் கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மாவின் காலில் ஓர் அட்டைக்கடிகூட இல்லை. மழைக்காலத்தில் காலில் சவுக்காரம் பூசாமல் யாரும் மலைக்குப் போவதில்லை. இன்று ஒருவரும் பூசவில்லையாம்.

"சவுக்காரம் மிச்சம்தானே. அதுக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கியே" என்று அம்மா சிரித்தாள்.

யாருக்கும் வேண்டாத அட்டை முதலில் போனதால் எல்லோருக்கும் சந்தோஷம். போன வாரம் அந்த மலையில் களைக்கு மருந்தடித்தார்கள். நான் குடையோடு போய்ப் பார்த்தேன். மண்ணைக் கிளறினால் ஒரு புழு இல்லை. மலையிலிருந்து மழைநீர் வடியும் கானில் தவளைச் சத்தமும் இல்லை. அந்தக் கான் தண்ணீர்தான் எங்கள் லயத்து வீடுகளின் பீலிக் குழாயில் விழுகிறது. ஆறு மாதக் கர்ப்பிணியான அக்கா அதைத்தான் குடிக்கிறாள்.

மாலையில் மருந்து ஸ்டோர் வாசலில், மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கை மறித்தேன். வெறும் கேன்கள் கிடந்தன. எல்லாவற்றிலும் லேபலைக் கிழித்திருந்தார்கள்.

"என்ன மருந்துங்க ஐயா அடிச்சீங்க?"

"புல்லுக்கு அடிக்கிற மருந்து. ஒனக்கென்ன, நீ புல்லா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அக்காவ கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறேங்க. டொக்டர்கிட்ட சொல்லணும். மருந்து பேரச் சொல்லுங்க."

அவர் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்துகொண்டு போய்விட்டார்.

இப்போது அக்கா அடுப்பில் பீலித் தண்ணீரைக் காய்ச்சுகிறாள். காய்ச்சினால் போகுமா என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

மருந்தின் பெயரையாவது சொல்லுங்கள்.